வடக்கு மலாவியில் எங்கள் வீடு

(மருத்துவ ஊழிய ஞாயிறு மாலை, சபை மண்டபத்தில் பங்காளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



"ஆப்பிரிக்காவில் பட்ட கஷ்டங்களைப் பற்றிப் பேசுங்கள்" என்று கமிட்டியார் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். கஷ்டம் என்று ஆரம்பித்தால் எங்களைப் பார்த்து நீங்கள் பரிதாபப்படுவீர்கள். அதற்கு நாங்கள் தகுதியானவர்கள் அல்ல. ஆகையால் எங்களுக்கு அங்கே தந்த வீட்டைப் பற்றியும், அதில் குடியிருக்கப் பழகின விதத்தைப் பற்றியும் பேசுகிறோம். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தூர தேசத்து ஆஸ்பத்திரிக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களில் பாதியில் திரும்புகிறவர்கள், நாங்கள் பார்த்தவரையில், வார்டில் வேலை அதிகம் என்று திரும்புவதில்லை. அடுப்பு, தண்ணீர், தூக்கம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் அவர்களைத் திருப்பி அனுப்புகிறது.

எங்களில் ஒருவர் பிரசவ வார்டு நர்ஸ். மற்றவர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். 2022 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை இரண்டு ஆண்டுகள், வடக்கு மலாவியின் மலைப்பகுதியிலுள்ள ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மலாவி என்றவுடன் மலேயாவா என்று கேட்கிறவர்கள் இன்னும் உண்டு. தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் ஆகிய மூன்று தேசங்களுக்கு நடுவே, கடற்கரையே இல்லாமல், வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நாடு அது. பரப்பளவில் நம் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. 2018 கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை ஏறக்குறைய 1 கோடியே 75 லட்சம். கடல் இல்லாத குறையைத் தீர்ப்பதுபோல், ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி ஒன்று அதன் கிழக்கு ஓரத்தில் படுத்திருக்கிறது. அக்கரை தெரியாது. முதல்நாள் பார்த்தபோது மணப்பாட்டுக் கடற்கரை ஞாபகம்தான் வந்தது.

வீடு செங்கல் வீடு, தகரக் கூரை. இரண்டு அறைகள். சமையலுக்குப் பின்புறம் தனியே ஒரு கொட்டகை. நாங்கள் போனது மழைக்காலத்தின் நடுவில். தகரத்தின்மேல் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. குடும்ப ஜெபத்தைக்கூடக் கத்திச் செய்யவேண்டும், அல்லது அவரவர் மனதுக்குள் செய்யவேண்டும். மின்சார இணைப்பு இருந்தது. கொண்டுபோன மிக்ஸியின் பிளக் அங்கேயுள்ள சதுரக் கால் சுவர்ப்பெட்டியில் சேராது என்று தெரிந்து, அதற்கு ஒரு மாற்றுப் பிளக் வாங்கிப் பொருத்தி, தேங்காய்ச் சட்னி அரைத்துச் சாப்பிட்டோம். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்தான்.

ஜனவரி மாதக் கடைசியில் 'ஆனா' என்ற புயல் தெற்கு மலாவியைத் தாக்கியது. ஷிரே நதியிலுள்ள கபிச்சீரா நீர்மின் நிலையத்தின் அணையை வெள்ளம் உடைத்துக்கொண்டு போயிற்று. அந்த ஒரு நிலையம் ஏறக்குறைய 130 மெகாவாட் தந்துகொண்டிருந்தது. நாட்டின் மொத்த மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அது சமம். நாங்கள் இருந்த இடத்திலிருந்து அந்த அணை பல நூறு கிலோமீட்டர் தூரம். ஆனாலும் எங்கள் வீட்டு விளக்கு அங்கேதான் எரிந்துகொண்டிருந்தது என்பது அது அணைந்த பிறகே தெரிந்தது. பழுதுபார்த்து முடிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது யாருக்கும் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு வந்தால், எழுந்து மாவரைக்கிறவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் விளக்கு எரியும், இஸ்திரிப் பெட்டி சூடாகும், செல்போன்கள் சுவரில் தொங்கும்.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு. டீசல் கிடைப்பதுதான் அரிது. இருக்கிற டீசலை ஆபரேஷன் அறைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் பழங்காலத்து மைக்ராஸ்கோப் ஒன்று, அடியில் சின்னக் கண்ணாடி வைத்தது, அலமாரியில் இருந்தது. நம் ஊரில் என்றால் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருப்போம். ஜன்னல் ஓரமாக வைத்து, சூரிய வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து மலேரியாக் கிருமியைப் பார்க்க அதுவே போதுமானதாயிருந்தது. மேகம் மூடினால் காத்திருக்கவேண்டும். பிரசவ வார்டிலோ காத்திருக்க முடியாது. நெற்றியில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டுதான் பிள்ளைகளை வாங்கினோம். அப்படிப் பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையை நாங்கள் எழுதி வைக்கவில்லை. வார்டுப் புத்தகத்தில் இருக்கும்.

அடுப்புக்கு வருகிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில் வருகிறோம் என்று சொல்லுகிறோம். ஏனென்றால் அந்த அடுப்பைப் பற்றவைக்க இரண்டுபேர் வேண்டும். 'ம்பவூலா' என்று அதற்குப் பேர். தகரத்தில் செய்த கரி அடுப்பு. கரியைப் போட்டு, கீழே சருகும் சோளத்தட்டையும் வைத்து, ஒருவர் விசிற, மற்றவர் காற்றுக்கு மறைப்பாக நிற்கவேண்டும். வீட்டுக்குள் வைத்துப் பற்றவைக்கக்கூடாது. குளிர்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துத் தூங்கி, புகையில்லாத அந்த விஷவாயுவில் மூச்சடங்கிப் போனவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. காலைக் காப்பிக்கு நாலரை மணிக்கு எழும்பவேண்டும். நாளடைவில் முந்தின இரவே தண்ணீரைக் கொதிக்கவைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிவைக்கப் பழகினோம்.

அரிசி கிடைக்கும். வடகோடியில் கரோங்கா பக்கம் விளையும் கிலோம்பெரோ அரிசி நல்ல வாசனை உள்ளது. ஆனால் விலை அதிகம். அங்கே அரிசிச் சோறு பண்டிகைச் சாப்பாடு. தினச் சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டுகிற 'ன்சிமா'. வடக்கே தும்பூகா பாஷை பேசுகிறவர்கள் 'சிமா' என்பார்கள். நம் முன்னோர் கேழ்வரகிலும் கம்பிலும் கிண்டின களிதான்; நிறம் மட்டும் வெள்ளை. ஏரிக்கரைப் பக்கம் மரவள்ளிக்கிழங்கு மாவிலும் கிண்டுவார்கள், அது இழுத்தால் ரப்பர்போல வரும், பழகுவதற்குச் சற்று நாளாகும். கையால் உருட்டி, குழித்து, கீரையிலோ அவரைக் குழம்பிலோ கருவாட்டுக் குழம்பிலோ தொட்டு விழுங்கவேண்டும். சாப்பிட உட்காருமுன் வீட்டுப் பிள்ளை ஒன்று செம்பும் பாத்திரமும் கொண்டுவந்து, முழங்காலிட்டு, ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றும். கரண்டியால் சாப்பிட்டுப் பழகின ஐரோப்பியத் தொண்டர்கள் கையைச் சுட்டுக்கொண்டு திண்டாடினார்கள். எங்களுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. எங்கள் கை களியில் போன வேகத்தைப் பார்த்து, "இவர்கள் வெள்ளைக்காரர் அல்ல" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு நாங்களும் களியே கிண்டினோம். பக்தியால் அல்ல, டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே பஞ்ச மாதங்கள். போன அறுவடை தீர்ந்து, அடுத்த அறுவடை ஏப்ரலில்தான். மாம்பழம் தின்று நாளைக் கழிக்கிற குடும்பங்கள் உண்டு. போஷாக்குக் குறைந்த பிள்ளைகள் வார்டுக்கு வருவதும் அந்த மாதங்களில்தான் அதிகம்; 'சிப்போண்டே' என்று சொல்லப்படும் நிலக்கடலைப் பசையைக் கொடுத்து அவர்களைத் தேற்றுவார்கள். அப்படியொரு வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து, கொட்டகையில் நெய்ச்சோறு வாசனை எழுப்ப யாருக்கும் மனம் வராது.

புளி இல்லாமல் என்ன செய்தீர்கள் என்று நேற்றுக்கூட ஒரு அக்கா கேட்டார்கள். இது சுவாரஸ்யமான காரியம். புளியமரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான். வெகுகாலத்துக்கு முன்னே அங்கிருந்து நம் நாட்டுக்கு வந்து நம்முடையதாகிவிட்டது. மலாவியில் 'ப்வேம்பா' என்று சொல்லி, பள்ளத்தாக்கு ஊர்களிலும் ஏரிக்கரையிலும் விற்கிறார்கள். குழம்புக்கு அல்ல, பானகம் கரைக்க. துவரையும் உண்டு, 'நண்டோலோ' என்பார்கள், தெற்கு மாவட்டங்களில் ஏராளமாய் விளைகிறது. அது யாருக்காக விளைகிறது என்று நினைக்கிறீர்கள்? ஏற்றுமதியாவதில் பெரும்பகுதி நம் இந்தியாவுக்காகத்தான். 2017இல் நம் அரசாங்கம் துவரை இறக்குமதிக்கு அளவு கட்டினபோது அங்கே விலை சரிந்து, விவசாயிகள் தவித்துப்போனார்கள். நம் வீட்டுச் சாம்பாருக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அங்கே போன பிறகுதான் நாங்கள் அறிந்தோம். முருங்கையையும் கண்டோம், கீரைக்காக வளர்க்கிறார்கள்.

கிடைக்காதது கறிவேப்பிலை, கடுகு, உளுந்து. இவற்றுக்குப் பட்டணத்து இந்தியக் கடைகளுக்குப் போகவேண்டும்; லிலோங்வே போய்வர இரண்டு நாள். கிராமங்களில் ஏன் இந்தியர் கடையே இல்லை என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. ஒரு காலத்தில் இருந்தனவாம். ஜனாதிபதி பண்டாவின் ஆட்சியில், 1970களில், ஆசிய வியாபாரிகள் கிராமங்களையும் சிறு ஊர்களையும் விட்டு, குறித்த சில பட்டணங்களில் மட்டுமே கடை வைக்கவேண்டும் என்று கட்டளையாயிற்று. கடைகள் கைமாறின. பெரியவர்கள் சிலர் அந்த நாட்களை எங்களிடம் சொன்னபோது குரலில் கோபமும் இருந்தது, கொஞ்சம் ஏக்கமும் இருந்தது. நாம் அந்நிய நாட்டில் தோசைக்கு உளுந்து தேடும்போதுகூட ஒரு சரித்திரத்தின்மேல்தான் நடக்கிறோம்.

ஜூன், ஜூலை மாதங்களில் மலைமேல் நல்ல குளிர். இட்லிமாவு இரண்டு நாளானாலும் பொங்காது. அணைந்த கரி அடுப்புப் பக்கத்தில் கம்பளி சுற்றி வைத்தால் பொங்கும். கம்பளி போதாமல் போனால் நாங்களா மாவா என்ற கேள்வி வரும்.

துணி உலர்த்துவதைப் பற்றி அவசியம் சொல்லவேண்டும், ஏனென்றால் அடுத்துப் போகிறவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒருவகை ஈ உண்டு. வெளியில் ஈரமாய்க் காயும் துணியில் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் நுழைந்து கட்டியாய் எழும்பும். ஆகையால் உள்ளாடை முதல் தலையணை உறைவரை சூடாக இஸ்திரி போட்டே உடுத்தவேண்டும். மின்சாரம் இல்லாத நாளில் கரி போடும் இஸ்திரிப் பெட்டி. நம் தெருமுனையில் வண்டியில் தேய்க்கிறவர் வைத்திருப்பாரே, அதேதான். ஒரு வாரத் துணியைத் தேய்க்க சனிக்கிழமை முழுவதும் போகும். அங்குள்ள நர்ஸுகள் வெள்ளை யூனிஃபாரத்தில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் காலை ஏழு மணிக்கு வந்து நிற்பார்கள். எந்தக் கிணற்றடியில், எத்தனை மணிக்கு எழுந்து அதைச் செய்தார்கள் என்பது தெரிந்தபிறகு அந்த வெள்ளையைப் பார்க்கவே ஒரு மரியாதை.

கொசுவலையை நாங்கள் ஒருநாளும் விடவில்லை. ஆனாலும் 2022 நவம்பரில் எங்களில் ஒருவருக்கு மலேரியா வந்தது. பரிசோதனைக் கூடத்துக்காரர் தன் விரலைத் தானே குத்தி, தன் இரத்தத்தைத் தானே கண்ணாடித் துண்டில் தேய்த்து, தன் கிருமியைத் தானே கண்டுபிடித்தார். மூன்று நாள், ஆறு வேளை மாத்திரை. குணமாயிற்று. இதில் நாம் பெருமைப்பட ஒன்று உண்டு: கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்பதற்கான அத்தாட்சியை ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டது நம் செகந்திராபாத்தில்தான். அதற்குமுன் அந்த ஏரிக்கரைக்கு வந்த மிஷனெரிகளுக்கு அது தெரியாது. டாக்டர் ராபர்ட் லாஸும் கூட்டாளிகளும் 1875இல் 'இலாலா' என்ற சிறிய நீராவிப் படகில் ஏரிக்குள் வந்து, கேப் மக்ளியரில் குடியேறினார்கள். கல்லறைகள் பெருகின. 1881இல் பண்டாவேக்கு மாறினார்கள். அங்கேயும் கல்லறைகள். 1894இல்தான் மலைமேலேறி, லிவிங்ஸ்டோனியா என்று இன்று சொல்லப்படும் இடத்தில் நிலைத்தார்கள். டாக்டர் லாஸ் 1927வரை அந்த நாட்டில் உழைத்தார்.

அவர்கள் பேரெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது. எங்களுக்கு அதிகம் பிடித்தவர் வேறொருவர். வில்லியம் கோயி. தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் கல்வி நிலையத்திலிருந்து 1876இல் தாமாகவே முன்வந்து போன ஆப்பிரிக்கர்கள் நால்வரில் ஒருவர். அவருடைய தாய்மொழியான கோசா, அங்கேயிருந்த ங்கோனி ஜனங்களின் மொழிக்கு உறவானது. யுத்தப் பிரியரென்று மற்றவர்கள் அஞ்சின அந்த ஜனங்களோடு உட்கார்ந்து பேச அவரால் முடிந்தது. உடன்வந்த ஷட்ராக் ங்குனானா 1877இலேயே இறந்துபோனார். கோயி 1886இல் ஊழியத்திலேயே மரித்தார். வெளிநாட்டுத் தொண்டு என்றால் வெள்ளைக்காரர் செய்தது என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்களுக்குக் கோயியின் வசதி இல்லை; தும்பூகா பாஷைக்கும் தமிழுக்கும் எந்த உறவும் கிடையாது. முதலில் கற்றது 'மொனிரே', அதாவது வணக்கம். அடுத்தது 'யேவோ', நன்றி. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டலாம். பிரசவ வலியில் இருப்பவளிடம் பேச இரண்டும் உதவாது. அதற்கு வேண்டிய வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தவர்கள் நோயாளிகளோடு வந்து தங்கும் துணைப் பெண்கள்.

இந்தத் துணைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் மலாவி ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசவே முடியாது. ஒவ்வொரு நோயாளியோடும் வீட்டார் ஒருவர் வருவார். தாயோ, அக்காவோ, அத்தையோ. சமையல், துணி துவைப்பு, நோயாளியைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. பாயும் பாத்திரமும் மாவும் விறகும் தலையில் சுமந்து வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவர்களுக்கென்று ஒரு கூடம், வரிசையாக அடுப்புக்கற்கள். ராத்திரியில் கூடத்தின் சிமெண்டுத் தரையிலோ, கட்டிலுக்கு அடியிலோ படுப்பார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கூடத்தின் கூரை பாதி பறந்துபோயிருந்தது. மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு களி கிண்டுவார்கள். நாங்கள் வீட்டில் எங்களுக்கு இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தவை எவை எவையோ, அவற்றைப் பற்றிய பேச்சு அந்தக் கூடத்தைத் தாண்டி நடந்தால் வாயிலேயே நின்றுவிடும்.

நீங்கள் அறிந்தபடி, 2022 மே மாதத்தில் நம் சபைகளில் ஒன்று எங்களுக்காகத் தனிக் காணிக்கை எடுத்தது. இன்வெர்ட்டர், சோலார் தகடு, சின்ன ஃபிரிட்ஜ் வாங்க. எங்கள் வீட்டுக்கென்று குறிப்பிட்டே வந்த பணம். நாங்கள் இருவரும் பேசி, அதைக் கூடத்தின் கூரைக்குக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்து மேட்ரனிடம் போனோம். மேட்ரன் அறுபதை நெருங்கியவர்கள், அதிகம் பேசமாட்டார்கள். சொன்னதைக் கேட்டுவிட்டு, "வேண்டாம் சிஸ்டர்" என்றார்கள்.

"உங்களுக்கு முன்னால் மூன்றுபேர் வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் இருந்ததைக் கொடுத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஐந்தாம் மாதம் போய்விட்டார். தூங்காத நர்ஸ் எனக்கு மருந்து அளக்கவேண்டாம். முதலில் உங்கள் வீட்டில் விளக்குப் போடுங்கள். கூரைக்கு நாங்கள் வேறு வழி பார்ப்போம்."

எங்களுக்குச் சற்று வருத்தம்தான். தியாகம் செய்ய வந்தவர்களிடம் விளக்குப் போட்டுக்கொள் என்று சொன்னால் யாருக்கும் உறைக்கும். ஆனால் அந்த அம்மா கணக்குத் தெரிந்தவர்கள். புதிதாய் வருகிற தொண்டருக்கு வேலை, பாஷை, மருந்துப் பேர்கள் எல்லாம் பிடிபடக் குறைந்தது ஆறுமாதம் ஆகும். அதுவரை அவருக்குச் சொல்லிக்கொடுப்பது அங்குள்ள நர்ஸுகளின் தலையில். ஐந்தாம் மாதம் போய்விட்டால் ஆஸ்பத்திரிக்குச் செலவு மட்டுமே மிச்சம். முடிவில் சோலார் தகடும் நான்கு விளக்கும் ஒரு மின்விசிறியும் எங்கள் வீட்டுக்கு. ஃபிரிட்ஜ் வாங்கவில்லை, அந்தத் தொகை கூரைக்குப் போயிற்று. அதோடு ஊர்ச் சபையார் சோளம் விற்றுச் சேர்த்த காணிக்கையும் சேர்ந்து, 2023 ஈஸ்டருக்கு முன் தகடு போட்டாயிற்று. எங்கள் வீட்டு விளக்கடியில் அதன்பின் தினமும் மாலை ஏழெட்டுப் பிள்ளைகள் வந்து பாடம் படித்தார்கள், அது யாரும் திட்டமிட்டதல்ல.

அதற்கு முந்தின மாதங்கள்தான் மிகவும் பாரமானவை. 2022 மார்ச்சில் தெற்கே தொடங்கின காலரா, ஏரிக்கரை ஊர்களின் வழியே வடக்கே பரவி, 2023 ஜனவரியில் உச்சத்துக்கு வந்தது. அந்த நாட்டின் சரித்திரத்தில் அதற்குமுன் அவ்வளவு பெரிய காலரா இல்லை. 58,000க்கும் மேற்பட்டோர் நோய்ப்பட்டார்கள்; 1,700க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். கைகுலுக்கிப் பேசுகிற ஜனங்கள் கையை மார்பில் வைத்து வணங்கத் தொடங்கினார்கள். வீட்டில் குடிக்க, கழுவ, பாத்திரம் துலக்க எல்லாவற்றுக்கும் குளோரின் தண்ணீர். டீயிலும் அதே வாடை. பதினாறு மணிநேர வேலைக்குப்பின் வந்து, விளக்கைப் போட்டு, விசிறியின் கீழ் வலைக்குள் படுத்துத் தூங்கினபோது மேட்ரன் சொன்னது விளங்கிற்று.

2023 ஆகஸ்டில், எங்களில் ஒருவருக்குத் தாயும் மற்றவருக்கு மாமியாருமான அம்மா இங்கே கர்த்தருக்குள் நித்திரையானார்கள். உங்களில் அநேகர் அடக்கத்துக்குப் போயிருந்தீர்கள். செய்தி எங்களுக்கு மாலை ஆறுமணிக்கு வந்தது. எவ்வளவு விரைந்தாலும் ஊர் வந்து சேர இரண்டு நாளுக்கு மேலாகும், அடக்கமோ மறுநாள். போவதில் பயனில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

யாரும் கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு வந்தார்கள். முதலில் பக்கத்து வீட்டுப் பாட்டி, பிறகு வார்டு நர்ஸுகள், பிறகு துணைக்கூடத்துப் பெண்கள். எங்களைக் கேளாமலே மேசை நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டார்கள். பாய் விரித்து, காலை நீட்டி, சுவரோரமாய் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஆண்கள் முற்றத்தில் தீ மூட்டினார்கள். விடியும்வரை பாட்டு. ஒருவர் சோர்ந்தால் இன்னொருவர் எடுப்பார். வார்த்தை எங்களுக்குப் பாதி புரியாது, ராகங்களில் சில நம் சபையிலும் பாடுகிறவை. ஆறுதல் வசனம் யாரும் சொல்லவில்லை. உட்கார்ந்திருப்பதே அங்கே ஆறுதல். காலையில் பார்த்தால் கொட்டகையில் விறகுக் கட்டுகள், சின்னச் சின்னக் கூடைகளில் மாவு. கொண்டுவந்தவர்களின் பேரை ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தான், நம் ஊரில் மொய் எழுதுவதுபோல. அதில் ஒரு பேர், போஷாக்கு வார்டில் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியுடையது. ஒரு தட்டு மாவு.

அடக்கத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தோம். ஐயரவர்கள் கல்லறையில் ஜெபிக்கத் தொடங்கினபோது இணைப்புத் துண்டித்துப்போயிற்று. அந்தச் சிறு திரையைச் சுற்றி முப்பதுபேராவது நின்றிருப்பார்கள், அவர்கள் அப்படியே நின்று தங்கள் பாஷையில் ஜெபத்தை முடித்தார்கள்.

இனிப் பணத்தைப் பற்றியும் சாமான்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறோம். கேட்டுக் கோபிக்க மாட்டீர்களென்று நம்புகிறோம்.

பழைய துணி அனுப்பவேண்டாம். மேல்நாட்டிலிருந்து மூட்டை மூட்டையாய் வந்து இறங்கும் பழைய துணிக்கென்றே அங்கே சந்தை உண்டு, 'கவுஞ்ஜிகா' என்பார்கள். நல்ல சட்டை மலிவாய்க் கிடைக்கும். நாமும் அனுப்பினால் கப்பல் செலவும் சுங்கமும்தான் மிச்சம். வீட்டு அலமாரியில் மிஞ்சின மருந்துகளையும் தயவுசெய்து சேர்க்கவேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே மருந்து நன்கொடைக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது: போய்ச் சேரும் நாளில் குறைந்தது ஓராண்டாவது காலாவதி ஆகாதிருக்கவேண்டும், அங்கே உள்ளவர்கள் கேட்ட மருந்தாகவும் இருக்கவேண்டும். காலாவதியான மருந்தை அழிப்பதும் அந்த ஆஸ்பத்திரிக்கே செலவு.

பணமாய்க் கொடுங்கள். அதிலும் ஒரு சங்கடத்தை நாங்கள் கண்டோம். 2023 நவம்பரில் மலாவியின் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்து, டாலரின் விலையை ஒரே நாளில் 44 சதவீதம் உயர்த்தினார்கள். டாலர் ஒன்றுக்கு 1,180 அளவில் இருந்தது 1,700 ஆயிற்று. எங்கள் படி டாலரில் வந்ததால் ஒரே இரவில் நாங்கள் பணக்காரரானோம். எங்களோடு நின்று அதே வேலையைச் செய்த நர்ஸின் சம்பளமோ அதே குவாச்சாதான். எண்ணெயும் சோப்பும் ஏறிவிட்டன. எங்கள் கையில் கூடுதலாய் வந்ததை என்ன செய்வது என்று மேட்ரனையே கேட்டோம். நர்ஸுகளின் ஈமச் சடங்கு உதவி நிதியில் போடுங்கள் என்றார்கள். போட்டோம். நம் கமிட்டியார் இதைப்பற்றி ஒரு பொது விதி வகுப்பது நல்லது.

இன்னொன்று. நம் அறிக்கையில் 'தொண்டர் வசதிச் செலவு' என்று ஒரு வரி உண்டு. வருஷக் கூட்டத்தில் அந்த வரியைப் பார்த்து யாராவது ஒருவர் எழும்பிக் கேள்வி கேட்பது வழக்கம். ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு விளக்கும் விசிறியும் எதற்கு என்பார்கள். கேட்பது நியாயம், காணிக்கைப் பணம். இந்த வருஷம் கேட்கிறவர்கள் கூட்டம் முடிந்து எங்களிடம் வாருங்கள், அந்த ஐந்தாம் மாதக் கணக்கை எழுதிக் காட்டுகிறோம். அந்த வரியை வெட்டவேண்டாமென்று கமிட்டிக்கு எழுத்து மூலமாகவும் விண்ணப்பித்திருக்கிறோம்.

அடுத்து ஒரு சகோதரியும் அவர்களுடைய கணவரும் வரும் ஜனவரியில் அதே வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். அவர்களுக்கு ஏதாவது கொடுத்தனுப்ப ஆசைப்படுகிறவர்கள் பலர். கறிவேப்பிலைப் பொடி கொடுங்கள், பாட்டிலில் அடைத்து. கடுகு, உளுத்தம்பருப்பு கொடுக்கலாம், கடைப் பொட்டலம் பிரிக்காமல் இருக்கட்டும். கறிவேப்பிலைக் கன்று, விதை, பதியன் எதுவும் வேண்டாம். அனுமதிச் சீட்டில்லாமல் செடி கொண்டுபோனால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். கரி அடுப்பு அங்கேயே இருக்கிறது. விசிறுவதற்கு ஒரு பனையோலை விசிறி, முடிந்தால் இரண்டு, உடன்குடிப் பக்கத்திலிருந்து யாராவது வாங்கிவந்தால் சகோதரி மிகவும் சந்தோஷப்படுவார்கள். சாமான்களை டிசம்பர் 15ஆம் தேதிக்குள் ஆலய அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.